வெள்ளையம்மாள் வீட்டு மங்களம்

ரேணுகாம்பாளுக்கு ஆர்மோனியம் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கலைந்துபோன நாடகக் கம்பெனி ஒன்று திருவண்ணாமலையில் விட்டுப்போன பெட்டியை வாங்கி, தேர்வீதியில் போகிற நாயனத்தைக் கேட்டுக் கேட்டு, கட்டை கட்டையாகத் தானே பிடித்துக்கொண்டாள். கூட்டாளி ஆராயி. அவளுடைய வாத்தியம் தண்ணீர் எடுக்கிற பித்தளைக் குடம். விரலில் இரண்டு இரும்பு மோதிரம். ஐம்பதுகளில் ஊரில் வளைகாப்பு, நலங்கு என்றால் இந்த இருவரைத்தான் கூப்பிடுவார்கள்.

ஐம்பத்தெட்டு ஐப்பசியில் மளிகைக்கடை வெள்ளையம்மாள் மகள் உண்ணாமலைக்கு வளைகாப்பு. முந்தின நாள்தான் கீழ்பென்னாத்தூரிலிருந்து வரும்போது பஸ் மேலே கிடந்த பெட்டி மழையில் நனைந்திருந்தது. ரேணுகாம்பாள் துடைத்தாள், வெயில் காட்டினாள், சரியாகிவிட்டது என்று நம்பினாள். உண்ணாமலை கையில் வளையல் ஏறத் தொடங்கியபோது, அழுத்திய ஒரு கட்டை மேலே எழும்பவில்லை. துருத்தியை அசைக்கிற போதெல்லாம் அந்த ஒரு சுரம் ஊளையிட்டது.

வளையல் ஏறும்போது பாட்டு நிற்கக்கூடாது. ஊளையோடு பாட்டு சேரவில்லை. பாட்டை விட்டாள். ஊளையையே சுருதியாக வைத்துக்கொண்டு, அதற்கு எது ஒட்டுகிறதோ அதைத் தேடிப் போனாள். ஆராயி முதலில் முறைத்தாள். பிறகு அவளும் தாளத்தை விட்டுவிட்டுக் குடத்தின் கழுத்தைத் தட்டினாள், அதன் வாயைப் பொத்திப் பொத்தித் திறந்தாள். சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் அடங்கினார்கள். கடைசி வளையல் ஏறின நேரம் துருத்தித் தோல் கிழிந்து எல்லாம் சட்டென்று நின்றது.

"மங்களம் எங்கே?" என்றாள் சம்பந்தியம்மா.

ரேணுகாம்பாள் வாயைத் திறந்தாள். எங்கிருந்து எடுப்பதென்று தெரியவில்லை.

"இன்னா ரேணுகா, சுபகாரியத்தைப் பாதியில விட்டுட்டியே!" வெள்ளையம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "பிள்ளை பொறக்கறதுக்குள்ள வந்து முடிச்சிட்டுப் போ. இல்லன்னா ஊர்ல ஒரு வீட்லயும் உன்னைக் கூப்பிட விடமாட்டேன்."

பெட்டி பழுதுபார்க்கிற பரசுராமன் தோலை ஒட்டி, கட்டையையும் சரிசெய்து கொடுத்தான். அடுத்த வெள்ளிக்கிழமை போனார்கள். ஒரு மங்களம் பாடினால் தீர்ந்தது என்றுதான் ரேணுகாம்பாள் நினைத்தாள். சம்பந்தியம்மா தடுத்தாள். "அது வேற பாட்டோட மங்களம். விட்ட எடத்துல இருந்து எடுத்தாத்தான் முடிச்சதா கணக்கு."

விட்ட இடம் எது? கட்டை இப்போது ஒழுங்காக எழும்பியது. ரேணுகாம்பாள் சமையலறையிலிருந்து ஒரு புளியங்கொட்டை கேட்டு வாங்கி, இடுக்கில் செருகி, கட்டையை அமுக்கி வைத்தாள். ஊளை வந்தது. அன்றைக்கு வந்தது மட்டும் வரவில்லை.

"இது இல்ல. அன்னிக்கு மேல போச்சு," என்றாள் ஒருத்தி.

"எங்க மேல போச்சு? கீழதான்."

"ஏ ஆராயி, நீ அழுதியே, அது எந்த எடம்?"

"நான் எங்கடி அழுதேன்? மோதிரம் வெரலைக் கடிச்சிச்சி!"

ரேணுகாம்பாள் மேலும் போனாள், கீழும் போனாள். போகப் போகப் பழையது மறந்து புதிதாக ஏதோ வந்தது. மங்களத்தைக் கொண்டுபோய் ஒட்டவைக்க அதிலும் இடம் கிடைக்கவில்லை. வியர்த்தது. தான் வாசிப்பது வாசிப்பா, தடுமாற்றமா என்றே விளங்கவில்லை. கையை எடுத்துவிட்டாள். துருத்தியில் மிச்சமிருந்த காற்றுக்கு ஊளை மெல்லக் கம்மியாகி ஓய்ந்தது.

"எனக்குத் தெரியலக்கா," என்றாள் வெள்ளையம்மாளிடம். "ஊர்ல சொல்லிடுங்க."

உண்ணாமலை வயிற்றில் கையை வைத்தபடி சிரித்தாள். "இன்னாத்துக்கும்மா அவசரம்? உள்ள இருக்கறது இப்பத்தான் ஒதைக்குது. பாதியில விட்டா விடட்டும். தொட்டில் போடறப்ப வந்து மீதியை வாசிக்கட்டும்."

பிள்ளைத்தாய்ச்சி கேட்டதை மறுக்கக்கூடாது. சம்பந்தியம்மாவே எழுந்து வெற்றிலைத் தட்டை எடுத்துவந்தாள்.

தையில் பெண் குழந்தை சுகமாகப் பிறந்தது. தொட்டிலன்றும் முடியவில்லை. காதுகுத்து வந்தது, அடுத்த பிள்ளையின் வளைகாப்பு வந்தது. ஒவ்வொன்றிலும் புளியங்கொட்டையைச் செருகித்தான் தொடங்கினாள், ஒவ்வொன்றிலும் பாதியில் நின்றது. மற்ற வீடுகளில் பிசகாமல் மங்களம் பாடுகிறவளுக்கு இந்த ஒரு வீட்டில் மட்டும் ஏன் வருவதில்லை என்று ரேணுகாம்பாளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. கோளாறு கையிலா, பெட்டியிலா?

அறுபத்தைந்தில் வெள்ளையம்மாள் வீட்டிலிருந்து மறுபடி ஆள் வந்தபோது ஆராயி குடத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "இன்னிக்காவது முடிப்பியா?"

"முடிக்கணும்டி. எத்தனை வருஷம்தான் இழுக்கறது?"

சொல்லிக்கொண்டே புளியங்கொட்டையைத் தேடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.