அடுப்பு வாயில் யார் உட்கார்வது

பிள்ளையார்பாளையத்துல பட்டுக்குச் சாயம் போடுற வீடுன்னா அண்டாகிட்ட ஒருத்தர், அடுப்பு வாயில ஒருத்தர். எங்க வீட்டுல அண்டா எனக்கு, அடுப்பு என் பொண்டாட்டிக்கு. கல்யாணம் ஆன மறுமாசத்துலேர்ந்து இருபத்திரண்டு வருஷமா அப்படித்தான். அதுல யோசிக்க இன்னா இருக்குதுன்னு நானும் இருந்துட்டேன்.

போன ஐப்பசி மழையில அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சது. டாக்டர் எக்ஸ்ரேவைத் தூக்கிப் பார்த்துட்டு, "இந்தம்மா இனிமே புகைகிட்ட போனா என்கிட்ட வராதீங்க"ன்னு கத்தினாரு. அடுப்பை மாத்தணும், இல்ல பட்டறையை மூடணும். அடுப்பையே மாத்திடலாம்னு கொத்தனாரைக் கூப்பிட்டேன்.

பழைய அடுப்பு எங்கப்பா கட்டினது. முழுக் கட்டையைத் தள்ளிட்டா அதுபாட்டுக்கு மூட்டம் போட்டுக்கினு எரியும். பட்டு தளதளன்னு கொதிச்சா பளபளப்பு போயிடும். அதனால தீ அடங்கி இருக்கட்டும்னு ஈரக் கட்டையாப் பார்த்து வெக்கச் சொல்லுவேன். அந்தப் புகையே நான் கேட்டு வாங்கினதுதான், போங்க.

கொத்தனார் ரெண்டு நாள் இடிச்சுக் கட்டினாரு. விறகுக்கு அடியில இரும்புக் கம்பித் தட்டு, அதுக்குக் கீழே காத்து போக வழி, பின்னால சூடு தாங்குற செங்கல்லுல ஒரு தடுப்பு, கூரைக்கு மேல உசரமா புகைபோக்கி. பத்த வெச்சா, அட, மேல புகையே தெரியல. விறகும் முன்ன மாதிரி செலவாகல. ஆனா முதல் நாளே ஒரு கட்டு அரக்குப் பட்டு கொதிச்சுத் திட்டுத்திட்டாப் போச்சு. காய்ஞ்ச விறகைச் சின்னச் சின்னதா வெட்டி ஒவ்வொண்ணாப் போடணும், ஆள் நகரவே கூடாதுன்னு கொத்தனார் படிச்சுப் படிச்சு சொன்னாரு. நான்தான் காதுல வாங்காம, பழையபடி முழுக் கட்டையைத் தள்ளிட்டு அண்டாகிட்ட போய்ட்டேன்.

மறுநாள் காலையில அவ மணையை இழுத்துப் போட்டுக்கினு அடுப்பு முன்னால உட்கார்ந்துட்டா. சரி, புகைதான் இல்லையே, உட்காரட்டும்னு தோணுச்சு எனக்கு. வெக்கமா இருக்குது சொல்ல. அதுக்குள்ள அவ நெஞ்சு கர்ருன்னு இழுக்குறது கேட்டுச்சு.

"எழுந்திரு, நான் உட்கார்றேன்."

"அப்ப சாயம் யாரு போடுறது?"

"நீதான்."

"நல்லாக்கீது கூத்து"ன்னா. ஆனா முந்தானையைச் சொருகிக்கினு போய்ட்டா. எதை எப்போ கலக்கணும்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அரக்கு நிறம் அச்சா அப்படியே வந்துச்சு.

நான் ஒரு மணி நேரம்தான் உட்கார்ந்திருப்பேன். முட்டி விட்டுப் போச்சு. விறகுத் துண்டு போடும்போதெல்லாம் அடுப்பு வாய்ப்பக்கம் லேசா ஒரு புகை திரும்பும், அதுக்கே கண்ணுல தாரை தாரையாத் தண்ணி.

"சே, இன்னா எழவு புகை! மனுஷன் உட்கார முடியுதா இங்க?"ன்னு கத்திட்டேன்.

அவ பட்டைத் திருப்பிக்கினே எட்டிப் பார்த்தா.

"எங்கங்க புகை?"

குத்திக் காட்டல. நெசமாவே அவளுக்குத் தெரியல.