பதிலுக்கு விட்ட இடம்

அப்பாவின் செபமாலை மணிகள் நாற்காலிக் கையில் உரசும் சத்தத்தோடுதான் காஜா பேராங் பகுதியில் இருந்த பலகை வீட்டில் எங்களுக்கு இரவு தொடங்கும். அதைக் கேட்டபின் யாரும் தெருவில் நிற்கக்கூடாது, யாருக்கும் பசிக்கக்கூடாது. “பிரியதத்தம்” என்று வீட்டில் சொல்லும் மாதா மந்திரத்தின் முன்பாதியை, அதாவது வாழ்த்தை, அப்பா சொல்வார். எங்கள் மரண நேரத்தில் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்படி மாதாவைக் கேட்கும் பின்பாதி அம்மாவுடையது. பிற்காலத்தில் அரசாங்க அலுவலகத்தில் நான் கட்டிக்காத்த எந்த நடைமுறையும் இவ்வளவு ஒழுங்காக நடந்ததில்லை.

ஊரே “மெர்டேக்கா”, சுதந்திரம் என்று பண்டார் ஹிலிர் திடலுக்குப் போய்க்கொண்டிருந்த நாட்களில் தம்பி சூசை காய்ச்சலில் போனான். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் அவன் வானதூதனாக, “சம்மனசு” ஆகிவிட்டான் என்றார்கள். அம்மா காப்பி கொடுத்து அனுப்பினார். அந்தத் தகவலால் அவருக்கு வேறு பயன் இருந்ததாகத் தெரியவில்லை.

அடக்கம் முடிந்த மாலை அப்பா முன்பாதியைச் சொல்லி நிறுத்தினார். சமையலறையான “குசினி”யிலிருந்து அம்மாவின் பின்பாதி வரவில்லை.

“எம்புள்ள மரண நேரத்துல யாரு வந்தா? அந்த வார்த்தய இனிமே என் வாயால சொல்லமாட்டேன்.”

அப்பா பின்பாதிக்கு ஆகும் நேரம் சும்மா இருந்துவிட்டு அடுத்த மணிக்குப் போனார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

“அது உங்கம்மா இடம், பிலோமினா. அப்படியே இருக்கட்டும்.”

மாதக்கணக்கில் இப்படியே போயிற்று. பக்கத்து வீட்டுப் பார்வதி அத்தை வேலிக்கு அப்பால் துணி எடுத்துக்கொண்டே ஒருநாள் கேட்டார்:

“என்னண்ணே, ஒங்க சாமிக்குக் காது மந்தமா? விட்டு விட்டுப் பேசுறீங்க.”

“சாமிக்கு நல்லாத்தான் கேக்குது தங்கச்சி. குசினிக்குத்தான் இன்னும் கேக்கல.”

மறைக்கல்வி சொல்லித்தரும் கோயில் உபதேசியாரும் வந்தார். ஒருவரே இரண்டு பாதியையும் சொல்லலாம், அனுமதி உண்டு என்று விளக்கினார். “தெரியுங்கய்யா” என்றார் அப்பா. மறுநாளும் இடம் விட்டார்.

கல்லறைத் திருநாளன்று தம்பிக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு அப்பாவும் நானும் மட்டும் வீடு திரும்பினோம். நாற்காலியில் உட்கார்ந்து வாழ்த்தைத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். மறுபடி தொடங்கினார், மறுபடி நின்றார். மணிகள் உரசும் சத்தமும் நின்றது. இதுவும் போய்விட்டால் இந்த வீட்டில் இனி என்ன மிச்சம் என்று எனக்குப் பயம் வந்தது.

குசினியில் பாத்திரச் சத்தம் ஓய்ந்தது. “சொல்லுங்களேன்,” என்றார் அம்மா. அம்மா முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து, அப்பாவின் காலடியில் தரையில் உட்கார்ந்து, வாழ்த்தைத் தானே எடுத்துச் சொல்லி முடித்தார்.

“மத்தது என்னால ஆகாது. அத நீங்க சொல்லுங்க.”

அப்பா அழுதுகொண்டே பின்பாதியைச் சொன்னார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அம்மா தொடங்குவார், அப்பா பதில் சொல்வார். உபதேசியாருக்கு இதில் சம்மதமில்லை. பல வருடங்களுக்குப் பின், அப்பா கண்மூடிய மாலையில், அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, அத்தனை காலம் வாயில் வராத அந்தப் பின்பாதியை அம்மா தெளிவாகச் சொன்னார்.

பலகை வீடு இருந்த இடத்தில் இப்போது சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதி. வேலி போய் மதில் வந்துவிட்டது. அம்மாவும் போனபின், நான் இப்போது இருக்கும் செமாபோக்கில், தொலைக்காட்சிச் சத்தங்களுக்கு நடுவே, மாலையில் நான் மட்டும் செபமாலை எடுக்கிறேன். ஒருவரே இரண்டு பாதியையும் சொல்லலாம், அனுமதி உண்டு. நான் முன்பாதியைச் சொல்லிவிட்டு இடம் விடுகிறேன். பதில் சொல்ல அந்தப் பக்கம் மூன்று பேர் இருக்கிறார்கள்.