கண்ணைத் திறந்த அப்பா

என் தங்கையின் கல்யாணத்துக்கு அப்பாவைக் கூட்டி வர வேண்டும் என்று முடிவெடுத்தது நான்தான். அப்பா செத்து அப்போது மூன்று வருஷம். நான் வானூரில் ஒரு இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறவள். இதெல்லாம் எனக்கு அத்துப்படி என்ற திமிர் கொஞ்சம் உண்டு. போட்டோ கொடுத்தால் போதும், செத்தவரை நடக்க வைத்து, சிரிக்க வைத்து, கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ண வைத்துவிடுகிறது ஏஐ. எங்கள் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் இப்போது இது சாதாரணமாகிவிட்டது.

அப்பாவைப் பார்க்கும் ஆசைக்காக மட்டும் நான் அதைச் செய்யவில்லை. புருஷன் போனவள் மணமேடை ஏறக்கூடாது என்பது எங்கள் சனத்தின் வழக்கம். பெற்ற மகள் கழுத்தில் தாலி ஏறும்போது அம்மா சமையல்கட்டுப் பக்கம் போய் நின்றுகொள்ள வேண்டுமாம். அப்பா போன மறு வருஷம் நடந்த என் கல்யாணத்தில் அப்படித்தான் நின்றாள். இந்தத் தடவை எவ்வளவோ சண்டை போட்டுப் பார்த்தேன்.

"அவரு இல்லாம நான் இன்னாத்துக்கு மேடையில நிக்கணும்?" என்பாள் அம்மா.

"சரி, அவரைக் கொண்டாந்துட்டா நிப்பியா?"

அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "கொண்டா, பார்க்கலாம்" என்றாள்.

அப்பாவுக்கு இருந்தது மொத்தமே இரண்டு போட்டோ. ஒன்று வாக்காளர் அட்டையில், முகமே தெரியாமல். இன்னொன்று உப்பளத்தில், நட்ட நடு மத்தியானத்தில், குவித்த உப்புக்குப் பக்கத்தில் அம்மாவோடு நின்று எடுத்தது. இரண்டு பேரும் சின்ன வயசிலிருந்து உப்பு வாரியவர்கள். வெயில் உப்பில் பட்டு முகத்தில் அடிக்கும். கண்ணைத் திறந்து வைக்கவே முடியாது. இடுக்கி இடுக்கிப் பழகி, வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண்கள் விரியாது. சோறு தின்னும்போதும் சரி, எங்களைத் திட்டும்போதும் சரி, அப்பாவின் கண் இரண்டு கோடுதான்.

கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் பேசியிருந்த மரக்காணம் ஸ்டுடியோவில் அந்த உப்பளத்துப் போட்டோவைக் கொடுத்தேன். நாலாம் நாள் வீடியோ வந்தது. அப்பா சிவப்பாக, கன்னம் வழுவழுவென்று, கண்ணை அகலத் திறந்துகொண்டு சிரித்தார். எனக்கே பகீரென்றது. கண்ணைச் சின்னதாக்கச் சொன்னேன். ஸ்டுடியோக்காரர் மூன்று முறை மாற்றிப் பார்த்தார். மூன்று முறையும் கண் திறந்துகொண்டது.

"நான் இன்னாக்கா பண்றது? கண்ணு இடுங்கி இருந்தா போட்டோ கெட்டுப்போச்சுன்னு அதுவே நினைச்சுக்குது. தானா தொறந்து வுட்டுடுது" என்றார்.

வேறு வழியில்லாமல் அதையே அம்மாவிடம் காட்டினேன்.

"யாருடி இந்த ஆளு?"

"அப்பாம்மா."

"உங்கப்பா இவ்ளோ பெருசா கண்ணைத் தொறந்து என்னைப் பார்த்ததே கிடையாது. யாரோ ஒரு ஆம்பள பக்கத்துல என்னை நிக்கச் சொல்றியா? போடி வேலையத்தவளே!"

நானும் பதிலுக்குக் கத்தினேன். அன்றைக்கு முழுக்க அழுதேன். அந்த ஆத்திரத்தில், அந்த வீடியோவை மண்டபத்தில் போட வேண்டாம் என்று ஸ்டுடியோவில் சொல்ல மறந்துபோனேன்.

கல்யாணத்தன்று, தாலி கட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால், மேடைக்குப் பின்னாலிருந்த பெரிய திரையில் அந்த ஆள் வந்துவிட்டார். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, கண்ணை விரித்து, இரண்டு கையையும் தூக்கினார். மண்டபமே கை தட்டியது. "அச்சு அசல்!" என்றார் அப்பாவோடு ஒரே உப்பளத்தில் வேலை பார்த்த ஒருவர். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

சமையல்கட்டுப் பக்கமிருந்து அம்மா விறுவிறுவென்று வந்தாள். யாரும் தடுக்கத் தோன்றுவதற்குள் படியேறி மேடையில் நின்றாள். "ஏம்பா, அத நிறுத்து! அது எங்க வூட்டுக்காரரு இல்ல!"

திரை அணைந்தது. அப்போதுதான் தான் நிற்கும் இடம் அம்மாவுக்கு உறைத்தது. இறங்கிப்போகத் திரும்பினாள். மணையில் உட்கார்ந்திருந்த தங்கை அம்மாவின் கையை எட்டிப் பிடித்தவள், விடவே இல்லை. ஐயர் அவசரப்படுத்தினார். மேளம் கொட்டியது. அம்மாவின் கையைப் பிடித்தபடியே தங்கை தாலி வாங்கிக்கொண்டாள். விளக்கு வெளிச்சம் நேராக அடித்ததில் அம்மாவின் கண் உப்பளத்தில் இடுங்குவதுபோல இடுங்கியது. பக்கத்தில் நின்று அதைப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்தில்கூட இல்லை.

ஒரு மாசம் கழித்து ஆல்பம் வந்தது. எல்லோரும் சுற்றி உட்கார்ந்து புரட்டினோம். தாலி கட்டுகிற படம் வந்தது. தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா நின்றாள். சிவப்பாக இருந்தாள், முகத்தில் ஒரு சுருக்கமில்லை, கண் இரண்டும் அகலத் திறந்திருந்தன.

அம்மா ஆல்பத்தை மடியில் வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இந்தப் பொம்பளையக் கொண்டு போயி அந்த ஆளுக்கே கட்டி வெச்சிடு. ஜோடி பொருத்தமா இருக்குது."

வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து ஓய்ந்த பிறகு ஆல்பத்தை முதலிலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். அவ்வளவு பாடுபட்டேன், அம்மாவும் மேடை ஏறினாள். அதில் ஒரு படத்தில்கூட அவள் இல்லை.