ஜொகூருக்குப் போன கன்றுகள்

தேக்கா மார்க்கெட்டில் மாட்டிறைச்சிக் கடை வரிசைக்கும் மருதப்பன் பால் ஊற்றும் வீடுகளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் அவர் சைக்கிளைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமாக வந்து, நாலு பேர் பார்க்க மூக்கைப் பொத்திக்கொண்டு போவார். ஒரு மனிதனுக்குக் கொள்கை என்று ஒன்று இருந்தால் அது வெளியே தெரிய வேண்டாமா?

அவர் பசு நேசர் சபையின் தலைவர். உறுப்பினர்கள் பதினொரு பேர். அவர்களில் எட்டுப் பேர் அவரிடம் பால் வாங்குகிறவர்கள். ஐம்பத்தைந்தாம் வருஷம் தொடங்கி ஒவ்வொரு மாட்டுப் பொங்கலுக்கும் அவர்தான் பேசுவார். "பசு நமக்குத் தாய். தாயை விற்பவன் மனிதனா?" என்று கேட்டுவிட்டு, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். உறுப்பினர்களும் துடைத்துக்கொள்வார்கள். கன்றைப் பற்றி அந்தச் சொற்பொழிவில் ஒரு வரிகூட இல்லை என்பதை யாரும் கவனித்ததில்லை.

பொத்தோங் பாசிரில் அவருடைய கொட்டகை இருந்தது. பதினாலு மாடுகள். மாடு கன்று போட்டால்தான் பால். இதில் மாட்டின் அபிப்பிராயமோ மருதப்பனின் அபிப்பிராயமோ செல்லாது. கிடேரிக் கன்றாக இருந்தால் வளர்ப்பார். காளைக் கன்றாக இருந்தால் அது பத்து நாளில் கடல் பாலம் தாண்டி ஜொகூருக்குப் போய்விடும். யார் கேட்டாலும் அவர் அப்படித்தான் சொல்வார். "அங்க நமக்குத் தெரிஞ்ச ஒருத்தர் தோட்டம் வச்சிருக்காரு. புல்லுக்கு என்ன பஞ்சம், தின்னுட்டுப் படுத்துக் கெடக்குதுங்க." ஏழு வருஷத்தில் அந்தத் தோட்டத்துக்கு ஐம்பது கன்றுகளாவது போயிருக்கும். ஜொகூர் பெரிய ஊர்தான், தாங்கிக்கொண்டது.

உண்மையில் கன்றுகள் அப்துல் அஜீஸின் லாரியில் அறுப்புக்குப் போயின. அப்துல் அஜீஸ் ஒளிவு மறைவு தெரியாத மனிதர். அந்த ஒரு குறைதான் மருதப்பனுக்கு அவரிடம் பிடிக்காது.

"பாய், லாரியை அந்தத் தென்னைக்குப் பின்னால நிறுத்துங்கன்னு எத்தனை தடவ சொல்றது?"

"ஏன் தவுக்கே, நான் என்ன திருடிட்டா போறேன்? என் தொழில் இதுன்னு ஊருக்கே தெரியும் லா. உங்க தொழில் என்னன்னுதான் ஊருக்குத் தெரியல."

தவுக்கே என்றால் முதலாளி. அந்த முதலாளி கன்றைத் தூக்கி லாரியில் வைக்கும்போது வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். மூக்கைப் பொத்த மாட்டார். அங்கே பார்க்க ஆள் இல்லை.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. கன்றின் தோல் திரும்பி வந்துவிட வேண்டும். கன்று முன்னால் நின்றால்தான் மாடு பால் சுரக்கும். அதனால் தோலுக்கு உப்பும் சுண்ணாம்பும் தடவிக் காயவைத்து, உள்ளே லாலான் புல்லைத் திணித்து, நாலு குச்சிகளைக் காலாக்கி நிறுத்துவார். வாயை அவர் மனைவி பூவம்மா சணல் கயிற்றால் தைப்பாள். தைத்த நாளில் பால் விட்ட காப்பி குடிக்கமாட்டாள். வயிறு சரியில்லை என்பாள். மாடு முதல் நாள் அதை மோந்து பார்த்துவிட்டு விலகும். இரண்டாம் நாள் நக்கத் தொடங்கும். மூன்றாம் நாள் மருதப்பன் செம்பை எடுத்துக்கொண்டு கீழே உட்காருவார்.

அறுபத்திரண்டாம் வருஷம் தை மாதம், சிராங்கூன் ரோட்டில் வாடகைக்கு இருந்த தங்கராஜுவுக்குக் குவீன்ஸ்டவுனில் புது அடுக்குமாடி வீடு கிடைத்தது. துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை, அமைதியான மனிதர். அவருடைய மனைவி சிவகாமசுந்தரி பால் செம்போடு வாசலுக்கு வந்து நின்றாள்.

"பால்காரண்ணே, வர்ற புதன்கிழமை வீடு குடிபோறோம். மாடும் கன்னும் நீங்கதான் கொண்டாரணும்."

"மாடிக்கு எப்படிம்மா ஏத்துறது?"

"கீழ் வீடுதாண்ணே. அதுக்காகவே கேட்டு வாங்குனோம்." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கல்யாணமாகி ஏழு வருசம் ஆச்சு. வீடு புகுற அன்னிக்கு, பால் குடிக்கிற கன்னு வாயில என் கையால வாழைப்பழம் பிசைஞ்சு தடவணும்னு மாமியார் வேண்டிக்கிட்டிருக்காங்க. அதான் உங்ககிட்ட கேக்குறேன். உங்க மாடுன்னா சுத்தமா இருக்கும்."

மருதப்பன் நெஞ்சை நிமிர்த்தி, சரி என்றார். பாதி வழியில்தான் நினைவு வந்தது. கொட்டகையில் அப்போது கறவையில் இருந்தவற்றில் சாதுவானது காவேரி ஒன்றுதான். காவேரியின் கன்று போன வாரம் ஜொகூருக்குப் போயிருந்தது.

இன்னொரு மாட்டின் கன்றைக் கூட்டிப்போனால் காவேரி முட்டித் தள்ளிவிடும். மற்ற மாடுகளோ லாரியில் ஏறினாலே மிரளும். முடியாது என்று சொல்லியிருக்கலாம். பசு நேசர் சபையின் தலைவரிடம் ஒரு பசுவும் கன்றும் இல்லை என்று எப்படிச் சொல்வது?

"உண்மையச் சொல்லிருங்க" என்றாள் பூவம்மா.

"என்னன்னு?"

அவள் மூலையில் நின்ற தோல்கன்றைத் திரும்பிப் பார்த்தாள்.

புதன்கிழமை காலை தோல்கன்றுக்குச் சந்தனம் தெளித்து, ஜவ்வாது தடவி, மஞ்சள் பட்டால் கழுத்துவரை போர்த்தி, கண் இருந்த இடம் மறையும்படி மல்லிகைச் சரம் சுற்றி, மருதப்பன் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு லாரியிலிருந்து இறங்கினார். கன்றுக்குக் கால் சுளுக்கு, தரையில் விடக்கூடாது என்று எல்லோரிடமும் சொன்னார். எவ்வளவு பிரியம் பாரு இந்த மனுசனுக்கு என்று நாலைந்து பெண்கள் உருகினார்கள். சபை உறுப்பினர் இராமசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார், பழக்கம்.

காவேரி வாசற்படியைத் தாண்டிப் புது சிமெண்டுத் தரையில் வந்து நின்றாள். ஐயர் மந்திரம் சொன்னார். மருதப்பன் கையில் இருந்ததைக் காவேரி கழுத்தை நீட்டி நக்கினாள். பட்டின் ஓரத்தை மூக்கால் விலக்கி இன்னும் நக்கினாள். அவள் மடியிலிருந்து பால் தானாகச் சொட்டியது. முதலில் சொட்டாக, பிறகு நூலாக.

"லட்சுமி வந்துட்டா" என்றார் ஐயர். பெண்கள் குனிந்து தரையில் இருந்த பாலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். தங்கராஜு, அமைதியான மனிதர், வாய்விட்டு அழுதார். அந்தக் கூட்டத்தில் ஏமாற்று வேலை தெரியாமல், முழு மனதோடு தன் பங்கைச் செய்தது காவேரி ஒன்றுதான்.

சிவகாமசுந்தரி பிசைந்த பழத்தோடு வந்தாள். "எங்கண்ணே வாயி?"

"வேணாம்மா, தூங்குது."

"கொஞ்சமா தடவிக்கிறேன்."

மல்லிகைச் சரத்துக்குக் கீழே அவள் விரல்கள் போயின. சணல் கயிற்றில் நின்றன. ஒரு முடிச்சு, அடுத்த முடிச்சு என்று மெதுவாக நகர்ந்தன. மருதப்பன் அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்கக் கூரையைப் பார்த்தார். அங்கே மின்விசிறிக்குக் கொக்கி மட்டும் இருந்தது.

அவள் கத்தப்போகிறாள் என்று காத்திருந்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் பழத்தை அந்தத் தையலின் மேல் அழுத்தித் தடவினாள். பட்டை இழுத்து முழுவதும் மூடினாள்.

"சாப்புட்டுச்சா?" என்று பின்னாலிருந்து மாமியார் ரத்தினம்மா கேட்டார்.

"சாப்புட்டுச்சு அத்தை."

ஐம்பது வயதில் மருதப்பன் பல பொய்களைச் சொல்லியிருக்கிறார். இன்னொருத்தி தனக்காகச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

லாரியில் மாட்டை ஏற்றும்போது அவள் வெளியே வந்தாள். தாம்பூலப் பையைக் கொடுத்தாள்.

"அண்ணே, அந்தக் கன்னு எங்க?"

ஜொகூர் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஏழு வருஷமாக உழைத்த சொல், அன்றைக்கு வேலைக்கு வரவில்லை.

"வித்துட்டேம்மா."

"எதுக்கு வாங்குறாங்கன்னு தெரிஞ்சா?"

"தெரிஞ்சுதான்."

"எத்தனை நாள் கன்னு?"

"ஒம்பது."

அவள் காவேரியின் பக்கம் திரும்பினாள். காவேரி லாரிக்குள் இருந்த பட்டுப் பொதியை இன்னும் நக்கிக்கொண்டிருந்தாள்.

"இத்தன நாளும் என் வீட்டுக் காப்பியும் அந்தப் பால்லதான போட்டேன்" என்றாள். "உங்கள மட்டும் என்னத்தச் சொல்றது." இதைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மருதப்பன் மூட்டுவலியைக் காரணம் காட்டிச் சபைத் தலைவர் பதவியை விட்டார். பால் வியாபாரத்தை விடவில்லை. பதினாலு மாடும் ஒரு குடும்பமும் இருக்கிற மனிதன் வெட்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வான்? இருந்தாலும் குவீன்ஸ்டவுன் வரை சைக்கிள் மிதித்து அந்த ஒரு வீட்டுக்கு ஊற்றிவந்தார். தூரம் கட்டாது என்று பூவம்மா சொன்னாள். கட்டாதுதான். சிவகாமசுந்தரியாகவே வேண்டாம் என்று சொல்லட்டும் என்று காத்திருந்தார். அவள் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் ஆவணியில் காவேரி மறுபடி கன்று போட்டாள். பதினோராம் நாள் காலை சிவகாமசுந்தரி செம்போடு கதவைத் திறந்தாள்.

"காவேரி கன்னு போட்டுச்சாமே அண்ணே. என்ன கன்னு?"

"காளைம்மா."

"இருக்கா?"

மருதப்பன் பால் கேனின் மூடியைத் திறந்தார். மூடியைத் திறக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

"இல்லம்மா."

அவள் செம்பைப் பின்னுக்கு இழுக்கவில்லை. நீட்டியபடியே நின்றாள். அவர் ஊற்றினார். செம்பு நிறையும்வரை இரண்டு பேரும் பாலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.