தக்காளி சாஸ் என்று எழுதிய பலகை

அந்தப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், எச்சில் வாளி இரண்டும் வழிய வழிய நிறைந்திருந்தன. இருநூறு பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்த இடம். கரண்டிக் காம்பால் வாளியைக் கிளறிப் பார்த்தாள். கேரட், பீன்ஸ், கோஸ், பூசணி எல்லாம் பல்லே படாமல் கிடந்தன. சோறும் ரொட்டியும் மட்டும்தான் வயிற்றுக்குள் போயிருந்தன.

"அதைப் போய் ஏன்க்கா கிளறுறீங்க?" என்றாள் பாத்திரம் கழுவுகிறவள். "சாயங்காலம் ஆட்டுக்காரர் வந்து தூக்கிட்டுப் போயிருவாரு. நாம இங்க சமைக்கிறதே அவரு ஆட்டுக்குத்தான்னு வச்சுக்கங்க."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு யார் யார் வீட்டு அடுப்பிலோ முப்பது வருடம் வெந்தவள் அவள். அடுப்பைப் பற்ற வைக்கும் முன் அரை நிமிடம் கண்ணை மூடிக் கடவுளைக் கும்பிடுவாள். "சாப்பிடற பிள்ளைங்களுக்கு ஒரு குறையும் வரக்கூடாது," அவ்வளவுதான் வேண்டுதல். கும்பிட்டுச் சமைத்த சோறு குப்பைக்குப் போவதை அவளால் பொறுக்க முடியாது.

மறுநாளிலிருந்து வாளியைத்தான் அவள் பாடமாகப் படித்தாள். எது அப்படியே திரும்பி வருகிறது, எது பாதி கடித்து வருகிறது என்று பார்த்தாள். ஒரு மாதத்தில் அவளுக்கு ஒன்று பிடிபட்டது. பிள்ளைகள் முதலில் கண்ணால் தின்கின்றன, அடுத்து பல்லால். நாக்குக்கு வேலை கடைசியில்தான். வழவழவென்று இருந்தால் அமிர்தமானாலும் துப்பிவிடும்.

பீன்ஸைத் தண்ணீரில் வேக வைப்பதை அன்றோடு விட்டாள். சாய்த்து நறுக்கிச் சூடான சட்டியில் போட்டு, ஓரம் கருகும் சமயத்தில் உப்புத் தூவி இறக்கினாள். கடித்தால் நறுக்கென்றது. காலிஃபிளவரைச் சின்னச் சின்னப் பூவாக உதிர்த்து, மாவில் புரட்டி முறுக விட்டாள். பீட்ரூட்டைப் பாட்டில் மூடியால் அழுத்தி வட்டம் வட்டமாக எடுத்தாள். கீரையை அரைத்து ரொட்டி மாவில் பிசைந்து, "தவளை ரொட்டி" என்று பெயர் வைத்தாள். பூசணிக்காயைச் சூப்பாக்கி, மேலே வெண்ணெயில் பொரித்த ரொட்டித் துண்டுகளை மிதக்க விட்டாள். அந்தச் சூப்பால்தான் அவளுக்குச் சூப்பம்மா என்று பெயர் வந்தது. சொந்தப் பெயரை அப்புறம் யாரும் கேட்கவில்லை.

வாளி இரண்டு ஒன்றானது, ஒன்று அரையானது. ஆட்டுக்காரர் வாசலில் நின்று வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, என் ஆடெல்லாம் எலும்பும் தோலுமா ஆயிருச்சு. உங்க மேல கேஸ் போடப் போகுதுங்க," என்பார்.

வீட்டிலும் கேலிதான். பேருந்து பணிமனையில் காவலுக்கு இருந்த அவள் வீட்டுக்காரர், தட்டு ஓரத்தில் காயை வரிசையாக ஒதுக்கி வைத்துவிட்டு, "ஊருப் பிள்ளைங்கள எல்லாம் திங்க வைக்கிறியே, என்னைத் திங்க வை பாப்போம்," என்பார்.

"உங்களுக்குத் தவளை ரொட்டி சுட்டுத் தரவா?" என்பாள் அவள்.

கத்தரிக்காய் ஒன்றுதான் மசியவில்லை. விலை மலிவு என்று வாரத்துக்கு இரண்டு மூட்டை அதுதான் வரும். சமையலறை வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. அன்றைக்கு என்ன சாப்பாடு, அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று காலையில் எழுதிவிட வேண்டும். கத்தரிக்காய் என்று பலகையில் கண்டதும் பிள்ளைகள் தட்டைத் திருப்பிக்கொண்டு போய்விடும்.

அவள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். கத்தரிக்காயை நெருப்பில் சுட்டு, தோலை உரித்து, பஞ்சு போல மசித்து, கொதிக்கிற தக்காளி சாஸில் கலந்தாள். நிறமும் போயிற்று, வாசனையும் போயிற்று. நூடுல்ஸ் மேல் ஊற்றிக் கொடுத்தால் விரலைக் கூட நக்குவார்கள். ஆனால் பலகையில் என்ன எழுதுவது?

பெரிய டீச்சர், அதாவது தலைமை ஆசிரியை, ஒரு வாய் சுவைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "தக்காளி சாஸ்னு மட்டும் எழுதுங்க. பிள்ளைங்க கேட்டா இல்லைன்னு சொல்லிடுங்க."

"பொய்யாச்சே டீச்சர்."

"அவங்க நல்லதுக்குத்தானேம்மா சொல்றோம். இதைப் போயி யாரு பொய்னு சொல்வா?"

பாத்திரம் கழுவுகிறவள் அப்போது தொட்டியருகில் நின்று சிரித்தாள். "அதானே. கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட எங்கம்மா சொல்லாத பொய்யா?"

பெரிய டீச்சரும் சேர்ந்து சிரித்தார்.

அன்று முதல் பலகையில் தக்காளி சாஸ் என்றே எழுதினாள். வரிசையில் வரும் பிள்ளைகள் தட்டை நீட்டும்போதே, "சூப்பம்மா, இதுல கத்தரிக்கா இருக்கா?" என்று கேட்கும். "இல்லை கண்ணு," என்பாள். அடுத்த பிள்ளையும் கேட்கும். "இல்லை ராசா." முதல் வாரம் ஒவ்வொரு "இல்லை"யையும் எண்ணி வைத்தாள். மாலையில் வீட்டுக்குப் போய்க் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டாள். பிறகு காலைக் கும்பிடுதலோடேயே மன்னிப்பையும் சேர்த்து முடித்துக்கொண்டாள். முதலில் மன்னிப்பு, பிறகு பொய் என்று வரிசை மாறியதை அவள் கவனிக்கவே இல்லை.

அவள் வேலைக்குச் சேர்ந்து எட்டு வருடம் ஆன சமயம், பள்ளி ஆண்டின் நடுவில் ஒரு புதுப் பெண் குழந்தை வந்து சேர்ந்தது. ஆறு வயது. இரட்டைப் பின்னல். பேச்சு குறைவு. முதல் வாரம் வீட்டிலிருந்து டப்பா கொண்டு வந்தது. அடுத்த வாரம் ஒரு நாள் மற்ற பிள்ளைகளோடு வரிசையில் வந்து நின்றது. தட்டை நீட்டவில்லை, இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தது.

"இதுல கத்தரிக்கா இருக்கா?"

பின்னால் எண்பது பிள்ளைகள் தள்ளிக்கொண்டு நின்றார்கள். சூப்பம்மா கரண்டியைத் தூக்கியபடியே, "இல்லை கண்ணு," என்றாள்.

குழந்தை நகரவில்லை. "நிஜம்மா?"

"நிஜம்மா. தட்டைக் காட்டு."

குழந்தை தட்டைக் காட்டியது.

கால் மணி நேரத்தில் சாப்பாட்டுக் கூடத்தில் கூச்சல் கேட்டது. அவள் ஓடிப் போய்ப் பார்த்தபோது குழந்தையின் உதடு இரண்டும் வீங்கி வெளியே தள்ளியிருந்தன. கழுத்தெல்லாம் தடிப்பு. மூச்சு விசில் போல வந்தது. ஒரு டீச்சர் தூக்கிக்கொண்டு தெருமுனை ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ஊசி போட்ட பிறகுதான் மூச்சு சீரானது. கடவுள் காப்பாற்றினார்.

அந்தக் குழந்தைக்குக் கத்தரிக்காய் ஆகாது. சேர்க்கும்போதே அம்மா படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள். படிவம் பெரிய டீச்சர் மேஜை இழுப்பறையில் இருந்தது. சமையலறைக்கு அந்தச் செய்தி வரவே இல்லை.

இரண்டு நாள் கழித்து அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்கள். குழந்தையின் அம்மா உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது முகம் வற்றிப் போயிருந்தது.

"அவகிட்ட சொல்லித்தான் வளர்த்திருக்கேன். எங்க போனாலும், யாரு எதைக் குடுத்தாலும் கேட்டுட்டுத்தான் வாயில வைக்கணும்னு," என்றாள். "அவ கேட்டாளா?"

"கேட்டாம்மா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இல்லைன்னு சொன்னேன்."

"ரெண்டாம் தடவையும் கேட்டேன்னு சொல்றா."

"ஆமாம்மா. ரெண்டாம் தடவையும் இல்லைன்னுதான் சொன்னேன்."

அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடித்திருந்தால் கூடத் தாங்கியிருப்பாள் சூப்பம்மா.

அவள் பெரிய டீச்சரைப் பார்த்தாள். ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கடைசியில் அவளே வாயைத் திறந்தாள். "டீச்சர், நீங்கதான் பலகையில எழுத வேண்டாம், கேட்டா இல்லைன்னு சொல்லுங்கன்னு..."

"நானா?" பெரிய டீச்சரின் குரல் உயரவே இல்லை. "நான் எப்பம்மா அப்படிச் சொன்னேன்? பலகை எதுக்கு இருக்கு? எழுதத்தானே?"

"பாத்திரம் கழுவுறவளும் அங்கதான் இருந்தா. அவளைக் கேளுங்க."

பாத்திரம் கழுவுகிறவளைக் கூப்பிட்டார்கள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க," என்றாள். "தண்ணி ஓடுற சத்தத்துல ஒண்ணும் காதுல விழாது."

எட்டு வருடம் பக்கத்தில் நின்று வேலை செய்தவள். ஒரே டம்ளரில் டீ குடித்தவள். சூப்பம்மாவைப் பார்க்காமலே திரும்பிப் போனாள்.

காகிதம் தயாராக இருந்தது. குழந்தை கேட்டது, நான் இல்லை என்றேன், இது என் தவறு என்று மூன்று வரி. எழுத்துக் கூட்டிப் படித்தாள். இல்லாத எதையும் அதில் எழுதவில்லை. எழுதாமல் விட்டதுதான் அதிகம். கையெழுத்துப் போட்டாள். அன்றோடு வேலை போயிற்று.

வீட்டுக்காரர் கொதித்தார். "அந்தம்மா சொல்லித்தானே செஞ்ச? ஊரைக் கூட்டிக் கத்தியிருக்க வேணாமா?"

"கத்தலாம். அந்தப் பிள்ளை டீச்சரையா கேட்டுச்சு? என்னைத்தானே கேட்டுச்சு," என்றாள்.

அவர் அன்று தட்டிலிருந்த காயை ஒதுக்காமல் தின்றார். அதைப் பார்க்க அவளுக்கு இன்னும் வேதனையாக இருந்தது.

இப்போது அவள் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் காய் நறுக்குகிறாள். அடுப்புப் பக்கம் விடுவதில்லை. கூட்ட நேரத்தில் பரிமாறச் சொல்வார்கள். தட்டை நீட்டும் ஆட்களிடம் உப்பு, மிளகு வரைக்கும் எல்லாவற்றையும் ஒப்பிப்பாள். "என்னக்கா, சாமானு லிஸ்டா வாசிக்கிறீங்க? சோத்தைப் போடுங்க," என்று சிரிப்பார்கள். அவள் முழுவதும் சொல்லி முடித்த பிறகே கரண்டியைக் கவிழ்ப்பாள்.

போன வாரம் சந்தையில் ஆட்டுக்காரர் எதிரே வந்தார். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"நல்லாயிருக்கீங்களாம்மா? நீங்க போனதும் பாத்திரம் கழுவுறவங்கதான் இப்ப சமைக்கிறாங்க. பலகையில ஒண்ணு விடாம எழுதிப் போட்டிருக்கு. வாளி பழையபடி ரெண்டாயிருச்சு. ஆடெல்லாம் கொழுகொழுன்னு இருக்கு, வந்து பாருங்க."

"அந்த ரெட்டைப் பின்னல் பிள்ளை நல்லாயிருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு. வீட்டு டப்பாவைத் தவிர வேற எதையும் தொடாதாம். அன்னைக்கு வாசல்ல நிக்குதேன்னு ஒரு வாழைப்பழம் குடுத்தேன். இருக்கா இல்லையான்னு எதுவும் கேக்கல. பேசாம கையைப் பின்னால கட்டிக்கிச்சு."

அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். கடைக்காரன் அவளுக்காகத் தராசில் ஏற்கெனவே நிறுத்து வைத்திருந்த கத்தரிக்காயைப் பைக்குள் கொட்டப் போனான். அவள் பையின் வாயை இறுக்கி மூடிப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம்ப்பா," என்றாள்.