நான் சொல்ல வைத்த ‘போயிட்டு வாரேன்’

என் ஓரகத்தியின் மேல் இருந்த பொறாமையில் நான் பெற்ற மகளை ஏமாற்றினேன். தெரிந்தே ஏமாற்றினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடுவில் எங்காவது என்னை நல்லவளாகக் காட்டி உங்களை நம்ப வைத்துவிடுவேன்... அந்தச் சாமர்த்தியம் எனக்கு உண்டு.

யாழினிக்கு அப்போது எட்டு வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. நான் கீரனூர் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. பகலெல்லாம் ஊரார் பிள்ளைகளுக்கு வாய் ஓயாமல் தமிழ் நடத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், என் பிள்ளை என் பேச்சுக்குத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். ஜன்னல் கம்பியைத் தடவிக்கொண்டு நிற்பாள்.

மாடியில் என் கொழுந்தனாரும் அவர் மனைவி வளர்மதியும் குடியிருந்தார்கள். வளர்மதி கறம்பக்குடிப் பெண், பத்தாவதோடு படிப்பை விட்டவள். நான் பள்ளியில் இருக்கும் நேரமெல்லாம் யாழினியைப் பார்த்துக்கொண்டது அவள்தான்.

ஒரு விடுமுறை நாள் காலையில் அவள் யாழினியிடம், “தோசையா? இட்லியா?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். மடியில் வைத்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். ஏழாவது விரலில் என் மகள் “தோச” என்றாள்!

நான் ஓடிப்போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வளர்மதி சிரித்தாள்.

“நாம சொல்றது அவளுக்கு உள்ள போயி சேர நேரமாகுதுக்கா. நீங்க அதுக்குள்ள நாலு கேள்வி கேட்டுர்றீங்க.”

குத்திக்காட்டிச் சொல்லவில்லை, ஆனாலும் எனக்குக் குத்தியது. அன்று மாலை நானும் விரலை மடக்கிப் பார்த்தேன். மூன்றாவது விரலுக்குள் “சொல்லுடி தங்கம், அம்மாகிட்ட சொல்ல மாட்டியா?” என்று என் வாய் கிளம்பிவிட்டது. சும்மா இருக்க எனக்குத் தெரியவில்லை. இதில் தமிழாசிரியை வேறு!

ஒருமுறை, “கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள அம்மா வந்துடுவேன்” என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். அவள் கண்ணை மூடினாள், திறந்தாள். நான் இல்லை. தெருமுனை வரை அலறல் கேட்டது. அவளுக்குப் புரியாமல் இல்லை; நான் சொன்னதை நான் சொன்னபடியே புரிந்துகொண்டாள். வளர்மதியிடம் இந்தத் தொல்லையே இல்லை. தாய்வீட்டுக்குப் போவதென்றால் சிலேட்டில் மூன்று கோடு போட்டு, “மூணு தடவ தூங்கி எந்திரி. சித்தி வருவேன்” என்பாள். சொன்னபடி வந்துவிடுவாள்.

யாழினி தானாக வாய் திறந்து கூப்பிட்ட முதல் உறவு ‘சித்தி’. அம்மா இல்லை... சித்தி! எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். வயிறு எரிந்தது. பத்து மாதம் சுமந்தது யார்? ஊர் ஊராக டாக்டரிடம் தூக்கிக்கொண்டு அலைந்தது யார்? இவள் விரலை மடக்கினாளாம், பிள்ளை பேசியதாம்!

பிறகு கொழுந்தனாருக்குக் கோட்டைப்பட்டினத்தில் ஐஸ் பிளான்டில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு போகிறார்கள் என்றதும் நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். மனம் குதித்தது.

கிளம்புகிற அன்று வளர்மதி சிலேட்டோடு வந்து யாழினியின் முன்னால் குந்தினாள். “சித்தி போறேன். இனிமே இங்க...” என்று ஆரம்பித்தாள். அவள் சொல்ல வந்தது எனக்குத் தெரியும். இனிமேல் இங்கே இருக்க மாட்டேன், கோட்டைப்பட்டினத்தில் இருப்பேன் என்று படம் போட்டுச் சொல்லியிருப்பாள். யாழினி அழுதிருப்பாள், பிறகு புரிந்துகொண்டிருப்பாள்.

நான் குறுக்கே விழுந்தேன். “நல்ல நேரத்துல கெளம்புறப்ப போறேன்னு சொல்லலாமா? போயிட்டு வாரேன்னு சொல்லு.”

“அக்கா... இவ அத அப்புடியே எடுத்துக்குவாளே?”

“பொறவு நான் வெவரமா சொல்லிக்கிறேன். நீ கெளம்பு.”

வேன்காரர் ஹாரன் அடித்தார். கொழுந்தனாரும், “அண்ணி சொல்றது சரிதான், வா” என்றார். வளர்மதி என் முகத்தைப் பார்த்தாள். நம்பினாள். “யாழினி, சித்தி போயிட்டு வாரேன்” என்றாள்.

நான் விவரமாகச் சொல்லவில்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. சித்தி பொய் சொல்கிறவள் என்று என் மகள் தானே கண்டுபிடிக்கட்டும் என்றிருந்தேன். ஆம், இதுதான் என் எண்ணம்! நாக்கு கூசுகிறது... ஆனாலும் இதுதான்.

அவள் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய் கேட்டருகே உட்கார்ந்தாள். வேன் போன திசையைப் பார்த்தபடி பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் உள்ளே வந்தாள். அதன்பின் ‘தோச’ இல்லை, ‘சித்தி’ இல்லை. ஒரு சொல்லும் இல்லை.

வளர்மதி போன் செய்தாள். “வெவரமா சொன்னீங்களாக்கா?”

“சொன்னேன்” என்றேன்.

ஸ்பீக்கரில் அவள் குரல் கேட்டதும் யாழினி காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. மறைக்க மாட்டேன், வந்தது! என் மகள் ஊமையாகிப் போனாள் என்ற துக்கத்துக்கு நடுவிலேயே அது வந்தது. நான் எப்படிப்பட்ட தாய்? நீங்களே சொல்லுங்கள்... வேண்டாம், சொல்லாதீர்கள்.

ஒன்றரை ஆண்டாகிவிட்டது. இப்போது பள்ளியிலிருந்து வந்ததும் அவளெதிரே உட்கார்ந்து ஒன்று கேட்டுவிட்டு விரல்களை மடக்குகிறேன். பத்தும் மடங்குகின்றன. மறுபடி பிரித்து மறுபடி மடக்குகிறேன். அவள் என் விரல்களைக்கூடப் பார்ப்பதில்லை.

வளர்மதி எல்லாப் பழியையும் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறாள். தன் குரலுக்கே காதைப் பொத்துகிற பிள்ளையின் முன்னால் வந்து நிற்கப் பயந்து இந்தப் பக்கமே வரவில்லை. “நீங்க வெவரமா சொல்லியும் கேக்கலன்னா, நான் வாரேன்னு சொன்னதுதான்க்கா அவ மனசுல நிக்கிது. எல்லாம் என்னாலதான்” என்று நேற்றும் போனில் அழுதாள். “என்னைய எப்பவாச்சும் மன்னிப்பாளாக்கா?” என்று கேட்டாள்.

உண்மையைச் சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அடுத்த பஸ்ஸிலேயே ஏறி வந்துவிடுவாள். சிலேட்டை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். யாழினி மறுபடி அவளிடம் பேசிவிடுவாள்...

“நாளாகும், வளர்மதி” என்றேன்.