எண்ணாமல் விட்ட இரண்டு சுற்று

தன் கையால் பழுதுபார்த்த கார் நின்றுபோன பிறகு, அதை ஒரு தடவைகூடத் திறந்து பார்க்காமல் ஒரு மனிதர் ஏன் பழைய இரும்பு வாங்குகிறவரிடம் தள்ளிவிடுவார்? என் அப்பா அப்படித்தான் செய்தார். ஓடாத மின்விசிறியைக்கூடப் பிரித்துப் பார்க்காமல் குப்பையில் போட அவருக்கு மனம் வராது. அந்தக் காரை மட்டும் ஏன் திறக்கவில்லை என்பதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. பதில் தெரிந்துவிட்டதுபோல் இருக்கும் நாட்களில், தெரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

அப்போது நாங்கள் கோல சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தோம். அப்பாவுக்குச் செம்பனைப் பழங்களை அவித்து எண்ணெய் எடுக்கும் ஆலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலை. வீட்டில் அப்பா, அம்மா, நான், அத்தை. அத்தை அப்பாவின் அக்கா. மாமா இளம் வயதிலேயே இறந்துபோனதால் எங்களோடு வந்து தங்கியிருந்தார். எனக்குத் தலை பின்னிவிடுவதும், பசியாற வைத்துப் பள்ளி பஸ்ஸில் ஏற்றிவிடுவதும் அவர்தான். அத்தை சிரித்தால் பக்கத்து வரிசை வீடுகளுக்குக் கேட்கும். அம்மாவுக்கு அது பிடிக்காது. விதவைக்கு அவ்வளவு சிரிப்பு எதற்கு என்று அம்மா வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

எங்களிடம் ஒரு பழைய கார் இருந்தது, எங்கள் பேச்சில் காடி. காலையில் சாவியைத் திருப்பினால், பால்மாவு டின்னில் ஆணிகளைப் போட்டுக் குலுக்குவதுபோல் சத்தம் போடும். கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கிவிடும். டைமிங் செயின் தளர்ந்துவிட்டது, மாற்றியே ஆகவேண்டும் என்று பட்டணத்துப் பட்டறையில் சொல்லிவிட்டார்கள். அவர்கள் கேட்ட கூலி அப்பாவுக்குக் கட்டுப்படியாகவில்லை. ஆலையில் அத்தனை பெரிய இயந்திரங்களைப் பிரித்து மாட்டுகிறவர், ஒரு காருக்காக இன்னொருவரிடம் போய் நிற்பதா என்ற ரோஷமும் இருந்தது. புது செயினை வாங்கிவந்து ஒரு சனிக்கிழமை வாசலிலேயே வேலையை ஆரம்பித்தார்.

அந்த இரண்டு நாளும் அத்தைதான் அவருக்குக் கை. கழற்றிய சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கழற்றிய வரிசையிலேயே பழைய துணியின்மேல் பரப்பி வைத்தார். அவருடைய விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கிப்போயின. கார் சரியானதும் கம்போங் குவாந்தான் ஆற்றங்கரைக்குப் போய்ப் படகில் ஏறி மின்மினிப் பூச்சி பார்ப்பது என்று நானும் அவரும் பேசிவைத்திருந்தோம். எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து பார்க்கும் அந்தப் பூச்சிகளை, பக்கத்திலேயே இருந்த அத்தை பார்த்ததில்லை.

அடுத்த வீட்டு மாமா மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தார்.

"என்னாப்பா, ஆலைல பழம் அவிக்கிற கை, காடியையும் அவிச்சிடப் போவுது லா!"

"நீ பாத்துக்கிட்டே இரு. இதுலதான் உன்னைய பாசாருக்குக் காய்கறி வாங்க ஏத்திட்டுப் போவப் போறேன்," என்றார் அப்பா. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் அத்தை.

எனக்கும் ஒரு வேலை இருந்தது. இன்ஜினின் முன்மூடியைக் கழற்றியதும் உள்ளே இரண்டு பல்சக்கரங்கள் தெரிந்தன, மேலே ஒன்று, கீழே ஒன்று. அவற்றை இணைத்து ஓடியது செயின். எழுத்துப்பிழை அழிக்க நான் பள்ளியில் வைத்திருந்த வெள்ளை மையை வாங்கி, சக்கரங்களிலும் பக்கத்து இரும்பிலும் அப்பா புள்ளிகள் வைத்தார்.

"எல்லாம் மாட்டினப்புறம் கையால ரெண்டு சுத்து சுத்துவேன். நீதான் எண்ணணும். ரெண்டாவது சுத்து முடியறப்ப புள்ளிங்க எல்லாம் மறுபடி நேரா வந்து நிக்கணும். பாத்துச் சொல்லுவியா?"

சொல்வேன் என்றேன். அன்று வீட்டிலேயே முக்கியமான ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு மதியம் செயின் ஏறியது. அதை இறுக்கிப் பிடிக்கும் துண்டு மட்டும் அடம்பிடித்தது. அப்பா மாட்டுவதும் கழற்றுவதுமாக இருக்க, நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா எலுமிச்சம்பழமும் கற்பூரமும் தட்டில் எடுத்துவைத்துவிட்டு, வாசலுக்கும் நாட்காட்டிக்குமாக நடந்தார்.

"நாலரைக்கு ராகு காலம் பொறக்குது. இன்னும் என்னத்தங்க நோண்டிக்கிட்டு இருக்கீங்க? அதுக்குள்ள ஸ்டார்ட் பண்ணிடுங்க."

ஒருவழியாக அந்தத் துண்டு உட்கார்ந்தது. நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"அப்பா, ரெண்டு சுத்து?"

"இரும்மா, நேரமாச்சி," என்று மூடியை எடுத்து மாட்டினார். என் வெள்ளைப் புள்ளிகள் மறைந்துபோயின. பிறகு எல்லாம் அவசரம்தான். திருகுகளை முறுக்கினார், தண்ணீர் ஊற்றினார், எண்ணெய் ஊற்றினார். அம்மா முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழங்களை வைத்துக் கற்பூரத்தை ஏற்றினார்.

"அண்ணி, நீங்க கொஞ்சம் உள்ள இருங்க. தப்பா நெனைச்சிக்காதீங்க."

"இதுல தப்பா நெனைக்க என்ன இருக்கு," என்று அத்தை எழுந்து உள்ளே போனார். காரின் ஒவ்வொரு துண்டையும் கழுவியவர், அது ஓடப்போகும் நேரத்தில் சமையலறையில் போய் நின்றுகொண்டார். அப்போது எனக்கு அதில் எதுவும் விசித்திரமாகத் தெரியவில்லை.

அப்பா உள்ளே ஏறி உட்கார்ந்தார். கையெல்லாம் எண்ணெய், சாவி வழுக்கியது. "அக்கா, துணி!" என்று கத்தினார். அத்தை துணியை எடுத்துக்கொண்டு காரின் முன்பக்கமாகவே ஓடிவந்து கொடுத்தார். அப்பா கையைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினார்.

இன்ஜின் ஒருமுறை உறுமப் பார்த்தது. உள்ளே இரும்போடு இரும்பு மோதுவதுபோல ஒரு சத்தம் கேட்டு நின்றுவிட்டது. மறுபடி திருப்பினார். வெறுமனே சுழன்றது, உயிர் பிடிக்கவில்லை. கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அடுத்த வீட்டு மாமாவுக்குக்கூடக் கிண்டல் வரவில்லை.

"சொன்னேனே!" என்று அம்மாதான் முதலில் வாய் திறந்தார். "உள்ள இருங்கன்னு சொன்னேனா இல்லியா? நல்ல காரியத்துக்குக் குறுக்க வந்து நின்னா வேற எப்படி வெளங்கும்?"

"தம்பி கூப்பிட்டுச்சி..." என்றார் அத்தை. கையில் அந்தத் துணி. அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்த அழுகை வேறு. "ரெண்டு சுத்து எண்ணவே இல்லியே! நான்தானே எண்ணணும்!" என்று காலை உதைத்து அழுதேன்.

"வாய மூடு!" என்றார் அப்பா.

அதுவரை அவர் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. கார் கெட்டுப்போயிருக்கும்போது விளையாட்டுக்காக அழுததால் கோபம் வந்துவிட்டது என்று நினைத்து நானே அடங்கிப்போனேன்.

அப்பா மூடியை மறுபடி கழற்றவில்லை. கொஞ்ச நாள் கழித்து ஒரு லோரி வந்து காரை இழுத்துக்கொண்டு போனது. அதற்கு முன்பே அத்தை போய்விட்டார். சுங்கை சோ என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலை. போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை, இருக்கச் சொல்லியும் யாரும் சொல்லவில்லை. அப்பா அவருடைய பையை பஸ் நிற்கும் இடம்வரை தூக்கிக்கொண்டு போனார். நான் அத்தையிடம் மின்மினிப் பூச்சி எப்போது என்று கேட்டேன். அடுத்த லீவுக்கு என்றார்.

இப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு கைக்குழந்தை இருக்கிறது. போன மாதம் எங்கள் காரும் காலையில் அதே டின் சத்தத்தைப் போட ஆரம்பித்தது. என் கணவரும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று கைப்பேசியில் வீடியோக்களைத் தேடினார். ஒன்றில், செயினை மாட்டிய ஆள் பெரிய ஸ்பேனரைப் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றினார், இரண்டு சுற்று. புள்ளிகள் நேராக வராவிட்டால் செயின் பல் மாறி ஏறியிருக்கிறது என்றார். அது தெரியாமல் சாவியைத் திருப்பினால் உள்ளே வால்வுகள் மோதி வளைந்துவிடும், இன்ஜினை மறந்துவிடலாம் என்றார். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றிருந்தேன்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்று கேட்டார் கணவர். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எனக்குள் ஓயாத வழக்கு நடக்கிறது. நான் அப்போது சின்னப் பெண், என் நினைவு தவறாக இருக்கலாம். நான் பார்க்காத நேரத்தில் அப்பா சுற்றிப் பார்த்திருக்கலாம். உள்ளே வேறு ஏதாவது உடைந்திருக்கலாம். அம்மா சொன்னதை அப்பாவும் நம்பியிருக்கலாம். ஆனால் எங்கே சுற்றினாலும் அந்த "வாய மூடு" என்ற இடத்துக்கே வந்து நிற்கிறேன். அங்கிருந்த அத்தனை பேரிலும் காரணத்தைச் சொன்னவள் நான் ஒருத்திதான். அதுதான் காரணம் என்று அப்போது எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்குமோ?

அடுத்த மாதம் மகளுக்குக் காது குத்துகிறோம். அழைப்பதற்காக அத்தைக்குப் போன் செய்தேன்.

"வரேம்மா. சமையல் பக்கம் இருந்துக்கறேன். புள்ளையைத் தூக்கச் சொல்லி மட்டும் என்னையக் கூப்பிடாத," என்றார். "அன்னைக்கிக் காடி முன்னாடி வந்து நின்னேனே, மறந்துட்டியா? ஒங்கம்மா சொன்னது நாயந்தான். ஆனா ஒங்கப்பன் தங்கமான மனுசன்மா. அவ்ளோ நஷ்டத்துலயும் என்னைய ஒரு வார்த்த சொல்லலியே."

வயதாகிவிட்ட அப்பா அந்த நேரம் எங்கள் வீட்டு வாசலில்தான் பேத்தியைத் தோளில் வைத்து நடந்துகொண்டிருந்தார். அவருடைய பாட்டுக்கு அவள் கைகொட்டிச் சிரித்தாள்.

இதைப் படிக்கிறவர்களைத்தான் கேட்கிறேன். அத்தையிடம் நான் சொல்ல வேண்டுமா? சொன்னால் அவர் என் மகளைத் தூக்கிக்கொண்டு முன்வரிசையில் நிற்கலாம். ஆனால் இத்தனை வருடங்களாக அவர் பிடித்துக்கொண்டிருப்பது, தம்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்கிற அந்த ஒன்றைத்தான். அதைப் பிடுங்கிக்கொண்டு என்ன கொடுப்பேன்? அல்லது அப்பாவிடம் முதலில் கேட்க வேண்டுமா? கேட்டால், இந்த முறையும் அவர் எங்கேயாவது பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டால், அதன் பிறகு நான் என்ன செய்வது? உங்கள் வீட்டில் யாராவது இப்படி ஒன்றைச் சுமந்துகொண்டிருந்து, அதை நீங்கள் இறக்கிவைத்ததுண்டா? யாரிடம் முதலில் போனீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.